நூற்றெண்பதாவது நரி

"அய்யய்யோ...! நரி...! நரியைக் காணோம்!"

மூன்றாவது மாடியில் கிளம்பிய அலறல் ஜன்னல் வழியாகக் குதித்து நிப்பொன்பாஷி தெரு வரை போய்ச் சேர்ந்தது. கீழே பழைய ரேடியோ பேரம் பேசிக் கொண்டிருந்த இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

அலறியவர் டாக்டர் இசாமு. வயது நாற்பத்தாறு. பல் டாக்டர். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களை அலற வைப்பவர். இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் தானே அலறிவிட்டார்.

"நூத்தி எழுபத்தொன்பது... ஒண்ணு குறையுதே" என்று சொன்ன யூசாகுவின் வாய் இன்னும் மூடவில்லை.

யூசாகு தபால்காரர். பேசுவது குறைவு, எண்ணுவது அதிகம். நண்பர்களின் கார்டுப் பெட்டியும் அதன் சாவியும் அவரிடம்தான் இருக்கும்.

"டாக்டர்! காதுக்குள்ள கத்தாதீங்க!" என்று ஹருமி பதிலுக்குக் கத்தினாள். ஹருமி நகரப் பேருந்து ஓட்டுபவள். அவள் பஸ்ஸுக்கு ஹாரன் வைத்தது வீண் செலவு.

நாலாவது ஆள் சயோகோ. பன்றிக்கறி பன்னைப் பிய்த்துக் கொண்டிருந்தாள்.

சயோகோ போலீஸ்!

துப்பாக்கி, துரத்தல் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் காணாமல் போன பொருட்கள் பிரிவு. குடைகள், ஒற்றைக் கையுறைகள், ரயிலில் மறந்துவிட்டுப் போன பல்செட்டுகள். பதினான்கு வருடமாக அவற்றோடுதான் குடித்தனம்.

"கதவைச் சாத்துங்க! ஒருத்தரும் நகரக் கூடாது!" என்றார் இசாமு.

"நகராம வாயைத் தொறந்து வச்சுக்கணுமா டாக்டர்? இது உங்க கிளினிக் இல்ல."

"சிரிக்காத ஹருமி! நான் ஜெயிச்சிருக்கேன்! ஆறு வருஷமா உதை வாங்கிட்டு ஏழாவது வருஷம் ஜெயிச்சிருக்கேன்! நரி என் பரிசு!"

"பரிசா? கிழிச்சுக் குப்பையில போடத்தானே கேக்கறீங்க!"

அதுதான் விஷயம்.

நாலு பேரும் ஏழு வருடமாக மாதம் இரண்டு ஞாயிறு இந்த மூன்றாவது மாடிக் கார்டுக் கடைக்கு வருகிறார்கள். ஆடுவது 'ஆவி மலை' என்ற கார்டு ஆட்டம். கடையில் கட்டாக வாங்கி ஆடுகிற ரகம் இல்லை. பார்த்துப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்த நூற்றெண்பது கார்டுகள் ஒரு பெட்டியில் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் உறை, முன்பக்கம் கண்ணாடி போல, பின்பக்கம் கறுப்பு. கலைத்து, பதினைந்து பதினைந்தாகப் பிரித்து, ஆளுக்கொரு பொட்டலம். ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இடப்பக்கத்து ஆளுக்குத் தள்ள வேண்டும். வலப்பக்கத்து ஆள் தள்ளியதில் மறுபடி ஒன்று. பொட்டலங்கள் தீர்ந்ததும், எடுத்ததை வைத்துக் கட்டு அமைத்துச் சண்டை.

டிசம்பரில் நடக்கும் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் தனி வழக்கம். ஜெயித்தவர் பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்து எல்லார் முன்னாலும் கிழிக்கலாம். அந்த இடத்துக்குப் புதுக் கார்டு வரும். போன வருடம் ஜெயித்த சயோகோ 'வரி வசூல் பூத'த்தைக் கிழித்தாள். யாரும் அழவில்லை.

ஆனால் மூடுபனி நரி...?

முதல் ஞாயிறன்று பிரித்த முதல் பொட்டலத்தில் வந்த முதல் கார்டு. சாம்பல் நிற நரி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கும். அதன் அடியில் ஒரு வரி. 'செத்தால், உரியவர் கைக்குத் திரும்பும்.'

அந்த ஒரு வரியால் இசாமு ஆறு டிசம்பர் தோற்றிருக்கிறார். இரண்டு வருடம் முன்னால் ஆத்திரத்தில் நரியை உறையோடு கடித்தேவிட்டார். உறையை மாற்றிவிட்டார்கள். கார்டின் ஓரத்தில் விழுந்த நாலு பல் பள்ளம் மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

"நான் ஒரு நாள் ஜெயிப்பேன். அன்னைக்கு நரி செத்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் இன்று நாலு மணிக்கு ஜெயித்தார்.

கடைசி ஆட்டம் அவருக்கும் ஹருமிக்கும். நரி ஹருமியின் கட்டுக்குள் இருந்தது. இசாமு அதை மூன்று தடவை கொன்றார். மூன்று தடவையும் திரும்பி வந்தது. ஒரே ஒரு உயிர் மிச்சமிருந்தபோது ஜெயித்துவிட்டு, நாற்காலி மேல் ஏறி ஆடினார். மேஜையெல்லாம் கார்டு சிதறியது.

பிறகு கால் மணி நேரம் இடைவேளை. ஹருமி பன் வாங்கக் கீழே போனாள். சயோகோவுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வர, மாடிப்படிக்குப் போனாள். இசாமு கை கழுவப் போனார். பல் டாக்டர் கால் மணி நேரம் கை கழுவினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். யூசாகு மட்டும் மேஜையில் தனியாக உட்கார்ந்து கார்டுகளைப் பொறுக்கி எண்ணினார்.

நூற்று எழுபத்தொன்பது!

கல்லாவில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த கடைக்கார நொபுயே அம்மா தலையைத் தூக்கினாள்.

"ஆறு மணிக்குக் கடை சாத்திடுவேன். நரியோ புலியோ, அதுக்குள்ள புடிச்சுக்குங்க."

மணி நாலு நாற்பது.

இசாமு தேட ஆரம்பித்தார். மேஜை அடியில் தவழ்ந்தார். டீ கெட்டிலின் மூடியைத் திறந்து பார்த்தார். நொபுயே அம்மாவின் கம்பளியை உதறினார். ஹருமியின் பன்னைப் பிளந்தார்.

"அதுக்குள்ள கறிதான் இருக்கும் டாக்டர்!"

"கறி மாதிரி இருக்கு... உள்ள என்ன இருக்கோ!"

"நரிக்கறியான்னு மோந்து பாருங்க!"

ஹருமி தன் பையை மேஜை மேல் கவிழ்த்தாள். சீப்பு, மாத்திரை, நாலு தீப்பெட்டி. சயோகோ தன் பையைக் கவிழ்த்தாள். ஒரு நோட்டு, மூன்று பேனா, மடித்த காகிதங்கள். இசாமு தன் கோட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு பல் துலக்கி விழுந்தது.

எல்லோரும் யூசாகுவைப் பார்த்தார்கள்.

யூசாகு தன் தோள்பையைத் திறந்தார். தண்ணீர் பாட்டில், கையுறை. பிறகு மேஜை மேலேயே இருந்த, மிச்ச உறைகள் அடுக்கிய சின்ன டப்பாவை இழுத்தார். பழக்க தோஷம்... டப்பாவைத் திறந்ததும் உறைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"பதினெட்டு... பத்தொன்பது... இருபது..."

நிறுத்தினார்.

"...இருபத்தொண்ணு."

"என்ன இருபத்தொண்ணு?" என்றாள் ஹருமி.

"இருபது உறைதான் கொண்டு வந்தேன். ஒண்ணு... கூட இருக்கு."

நொபுயே அம்மாவின் ஊசிகள்கூட நின்றுவிட்டன.

ஒரு கார்டு குறைகிறது. ஒரு உறை கூடுகிறது. யாரோ நரியின் உறையைக் கழற்றிவிட்டு நரியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். கழற்றிய உறை இருப்பது யூசாகுவின் டப்பாவில்!

"யூசாகு...! நீயா?"

"இ... இல்ல ஹருமி."

"கால் மணி நேரம் நீதான் தனியா இருந்த!"

"கார்டு பொறுக்கிட்டிருந்தேன்."

"ஒண்ணை அதிகமாப் பொறுக்கிட்ட போல!"

"விடு ஹருமி" என்றார் இசாமு. குரல் திடீரென்று இறங்கியிருந்தது. "போனாப் போவுது. ஒரு நரிதானே."

"என்ன டாக்டர்? இப்பதானே தெருவே கேக்கற மாதிரி கத்தினீங்க?"

"கத்தினேன்... இப்ப தொண்டை வலிக்குது."

ஹருமி விடவில்லை. யூசாகுவின் எதிரில் வந்து நின்றாள். கோபத்தைவிட வருத்தம்தான் அவள் முகத்தில் அதிகம்.

"யூசாகு. என் கண்ணைப் பாரு. 'நரியை நான் ஒண்ணும் செய்யல'ன்னு சொல்லு. சொல்லிட்டா நம்பிடறேன். அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

யூசாகு அவள் கண்ணைப் பார்த்தார்.

வாயைத் திறந்தார். மூடினார். காது மடல்கள் சிவந்தன.

"சொல்லுப்பா!"

"நான்... நரியை..."

"ம்?"

"...முடியல, ஹருமி."

முடிந்தது!

சுவரோரமாக ஒரு மடக்கு நாற்காலி சாத்தியிருக்கிறது. ஏழு வருடம் முன்னால் ஐந்தாவதாக ஒருவன் இருந்தான். தொடையடியில் கார்டு ஒளித்து மாட்டிக்கொண்டான். அன்று அவன் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாத்தினார்கள். பிறகு அதை யாரும் விரிக்கவே இல்லை. மேஜையில் திருடினால் நாற்காலி மடங்கும். வேறு விசாரணை கிடையாது.

யூசாகு எழுந்தார். பெட்டிச் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தார். தன் நாற்காலியைத் தானே மடக்கினார்.

"யூசாகு, இரு..." என்றார் இசாமு.

"இருக்கட்டும் டாக்டர். நியாயம்தான்." யூசாகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். "வாரத்துல ஆறு நாள் அடுத்தவங்க பேர் எழுதின கதவைத் தட்டறேன். என் பேரைச் சொல்லி யாராவது கூப்பிடறது இந்த மேஜைலதான். அதை... நானே கெடுத்துக்கிட்டேன்."

அதைக் கேட்டு ஹருமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

இசாமு உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை. டிசம்பர் மாதத்தில்!

சயோகோ பன்னின் கடைசித் துண்டை விழுங்கிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"யூசாகு. நாற்காலியைச் சாத்தாத. கொஞ்சம் கையில வச்சிரு."

"ஏன் சயோகோ-சான்?"

"திரும்ப விரிக்க வேண்டி வரலாம். சும்மா எதுக்கு அலைச்சல்?"

ஹருமி திரும்பினாள்.

"உனக்கு ஏதாவது தெரியுமா?"

"ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. நல்லா இருக்கற உறையை நீ எப்பவாவது குப்பைல போட்டிருக்கியா?"

"உறையையா? போட மனசு வருமா? எங்கயாவது மிச்சத்தோட சேர்த்து வைப்பேன்."

"அதேதான் திருடனும் செஞ்சான். மிச்ச உறை மேஜைல எதுல இருந்தது? யூசாகுவோட டப்பாவுல. அதுல போட்டுட்டான். பழி போடணும்னு இல்ல... வீணாக்க மனசு வரல, அவ்வளவுதான்."

இசாமு இருமினார்.

"சரி, உறையை ஏன் கழட்டணும்?" என்றாள் ஹருமி.

"உறை இல்லாத கார்டுங்க நடுவுல ஒளிச்சு வைக்க."

சயோகோ விரலை நீட்டினாள். மேஜைக்கும் கை கழுவும் அறைக்கும் நடுவில் நீளமாக ஒரு அலமாரி. நாற்பது பெட்டிகள். 'எது எடுத்தாலும் பத்து யென்' என்று அட்டை தொங்கியது. உள்ளே சீந்துவாரில்லாத கார்டுகள், இருபதாயிரத்துக்குக் குறையாமல்!

"அய்யோ... இதுல எங்கன்னு தேடறது? பொங்கி வழியுதே!"

"ஹருமி, நரி எந்தத் தொகுப்பு?"

"நாலாவது தொகுப்பு. நூத்திப் பன்னெண்டாம் நம்பர்" என்றாள் ஹருமி, யோசிக்காமலே.

"பாத்தியா? உனக்கே தூக்கத்துல எழுப்பினாலும் தெரியும். கார்டு ஆடறவன் திருடுவான், பொய் சொல்லுவான்... ஆனா நூத்திப் பன்னெண்டை எண்பதாம் நம்பர் பக்கத்துல சொருகச் சொல்லு பாப்போம். கை கூசும்."

சயோகோ நேராக நாலாவது பெட்டிக்குப் போனாள். விரல் ஓடியது.

"நூத்திப் பத்து... நூத்திப் பதினொண்ணு, மழைத் துறவி... நூத்திப் பதிமூணு, கிழட்டு ஆமை... ரெண்டுக்கும் நடுவுல..."

உருவி எடுத்தாள்.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மூடுபனி நரி சிரித்தது!

"நரி...!" ஹருமி கை தட்டினாள். நொபுயே அம்மாவும் தட்டினாள். யூசாகு மட்டும் தட்டவில்லை. அவர் முகம் முன்னைவிட வெளுத்திருந்தது.

"யாரு வச்சது?" என்றாள் ஹருமி.

"அதைக் கண்டுபிடிக்க ரொம்ப சுலபமா ஒரு வழி இருக்கு."

சயோகோ நரியைக் கொண்டுவந்து இசாமுவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க பரிசு டாக்டர். கிழிங்க."

"இ... இப்பவா?"

"ஆறு வருஷம் காத்திருந்தீங்களே. இன்னும் எதுக்குத் தாமதம்?"

இசாமு இரண்டு கையாலும் நரியைப் பிடித்தார். பிடியைத் தளர்த்தினார். மறுபடி பிடித்தார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலயே..."

"கிழிக்கக் கண்ணாடி வேணாம்."

"கை ஈரமா இருக்கு."

"கால் மணி நேரம் கழுவினா அப்படித்தான் இருக்கும்."

இசாமு நரியைப் பார்த்தார். நரி இசாமுவைப் பார்த்தது. அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு மீசையில் நின்றது.

"முடியல... என்னால முடியல சயோகோ-சான்! நான்தான்! நான்தான் எடுத்தேன்!"

"டாக்டரா?!" ஹருமியின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. "புகார் குடுத்தவரே திருடனா?!"

"எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்" என்றாள் சயோகோ. "யூசாகு 'ஒண்ணு குறையுது'ன்னுதான் சொன்னான். எதுன்னு அவனுக்கே தெரியாது. அதுக்குள்ள 'நரியைக் காணோம்'னு டாக்டர் கத்தறாரு. நூத்தியெண்பதுல எது போச்சுன்னு எண்ணாமலே தெரியறது ஒருத்தனுக்குத்தான்."

"அட!"

"அப்புறம், தன் சாமானைத் தேடறவங்க அடுத்தவங்க பன்னைப் பிளக்க மாட்டாங்க. முதல்ல தன் நாற்காலியைச் சுத்தித்தான் தேடுவாங்க. இவரு கெட்டில் வரைக்கும் தேடினாரு. தன் முதுகுக்குப் பின்னாடி இருக்கற பத்து யென் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்ல."

"ஏன் டாக்டர்? கிழிக்கப் பிடிக்கலன்னா 'கிழிக்கல'ன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது ஹருமி? ஆறு வருஷம் வாய் கிழியப் பேசியாச்சு! சொன்னா நீ என்னை விட்டு வைப்பியா?"

ஹருமி நேர்மையாக யோசித்தாள்.

"மாட்டேன். சாகற வரைக்கும் ஓட்டியிருப்பேன்."

"அதான்! நாற்காலி மேல ஏறி ஆடினப்பவே நரியைக் கைக்குள்ள போட்டுக்கிட்டேன். தானா தொலைஞ்சுபோன மாதிரி இருக்கட்டும்னு நினைச்சேன். சாத்தறதுக்கு முன்னாடி நானே பத்து யென் குடுத்து வாங்கிட்டுப் போயிடலாம்னு... யூசாகு தலையில விழும்னு சத்தியமா நினைக்கல. நாற்காலியை மடக்கினப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. மன்னிச்சுடு யூசாகு."

"இன்னொண்ணு கேக்கறேன்" என்றாள் சயோகோ. "இன்னிக்கு ரெண்டாவது சுத்துல நரி முதல்ல என் கைக்குத்தான் வந்துச்சு. நான் எடுக்காம இடப்பக்கம் உங்களுக்குத் தள்ளினேன். நீங்க எடுத்து உங்க கட்டுக்குள்ள போட்டிருந்தா ஹருமிகிட்ட போயே இருக்காது. ஏன் தள்ளிவிட்டீங்க?"

இசாமு தலையைக் குனிந்தார்.

"எப்பவும் தள்ளிடுவேன். நரி எதிர்ல இல்லாம ஜெயிச்சா... அது ஒரு ஜெயமா?"

ஹருமி பிளந்து கிடந்த தன் பன்னில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

இசாமு மெதுவாக எழுந்தார். தன் நாற்காலியை மடக்கக் குனிந்தார்.

"இருங்க டாக்டர்." சயோகோ அவர் கையிலிருந்த நரியை வாங்கினாள். "வழக்கம் வழக்கம்தான். வருஷக் கடைசில ஒரு கார்டு கிழியணும். உங்களால முடியலன்னா..."

"வேணாம்...!"

சர்ர்ர்ர்ர்!

நரி இரண்டாகக் கிழிந்தது!

ஹருமி வீறிட்டாள். நொபுயே அம்மாவின் கம்பளி உருண்டு ஓடியது. இசாமு அப்படியே நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். கதையில் ஒரு உடல் விழுந்தது இப்போதுதான்.

"கொலைகாரி! போலீஸா நீ?!" என்று ஹருமி பாய்ந்தாள்.

"கத்தாத. கிழிஞ்ச இடத்தைப் பாரு."

ஹருமி பார்த்தாள். கிழிந்த ஓரத்தில் நரியின் சாம்பல் தோல் மெல்லிசாக உரிந்து நின்றது. அதன் அடியிலிருந்து... பச்சை நிறத்தில்... ஒரு தவளை எட்டிப் பார்த்தது!

"நரிக்குள்ள... தவளையா?"

"பத்து யென் தவளைக் கார்டு. மேல நரியோட கலர் பிரதியை ஒட்டியிருக்கு. பல் குறியும் படமா விழுந்திருக்கு. ஆனா விரலால தடவினா பள்ளம் இல்ல."

தரையில் கிடந்த உடல் ஒரு கண்ணைத் திறந்தது.

"போலியா...? அப்போ நான் அழுதது...?"

"தவளைக்காகத்தான், டாக்டர். உங்க பல் குறியை உங்களுக்கே தெரியலயே. நீங்க ஊருக்கெல்லாம் பல் பாக்கறீங்க!"

"கை கழுவற எடத்துல வெளிச்சம் கம்மி!"

சயோகோ யூசாகு பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சொல்லு."

மடக்கிய நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு யூசாகு நின்றார். மூன்று மாதமாக அடைத்து வைத்திருந்தது உடைந்து வந்தது.

"செப்டம்பர்ல டாக்டர் வரிசையா ஜெயிச்சிட்டிருந்தாரு. இந்த வருஷம் இவர் ஜெயிச்சிடுவாரு, நரியைக் கிழிச்சிடுவாருன்னு பயந்துட்டேன். பிரதி எடுத்து ஒட்டி மாத்தி வச்சேன். கிழிச்சா போலி கிழியட்டும்... அப்புறமா நிஜத்தை எடுத்து உங்க மூஞ்சிக்கு நேரா நீட்டலாம்னு..."

"அடப்பாவி! நல்லாத்தானே இருக்கு! நிஜம் எங்க?" என்றாள் ஹருமி.

யூசாகு நாற்காலியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"தொலைச்சுட்டேன்."

"என்னது?!"

"சின்ன டப்பால போட்டு எடுத்துட்டுப் போனேன். ரயில்ல விட்டுட்டேன். அன்னைக்கே மூணு தடவை அதே ரயில்ல போய் வந்து தேடினேன். கிடைக்கல. அதான் ஹருமி... உன் கண்ணைப் பாத்து 'ஒண்ணும் செய்யல'ன்னு சொல்ல முடியல. நரியைக் கொன்னது நான்தான்."

இசாமு தரையிலேயே எழுந்து உட்கார்ந்தார். ஹருமி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபித்துக்கொள்ள யாருக்கும் தெம்பில்லை. முதல் ஞாயிறு, முதல் பொட்டலம், முதல் கார்டு... நிஜமாகவே போய்விட்டது.

"ஸ்டேஷன்ல கேக்கலயா?" என்றாள் சயோகோ.

"எந்த ஸ்டேஷன்ல? உன்கிட்டயா? உன்கிட்ட வந்து நான் என்னன்னு சொல்லுவேன் சயோகோ-சான்?"

"'காணாமப் போச்சு'ன்னு சொல்லணும். அதுக்குத்தான் கவுன்ட்டர் போட்டு உக்காந்திருக்கேன்."

சயோகோ தன் பையிலிருந்து விழுந்த மடித்த காகிதங்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"செப்டம்பர் பதினாலு. ரயில்ல ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு கண்டெடுத்துக் குடுத்தது. சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ள ஒரு கார்டு. சாம்பல் நரி. ஓரத்துல நாலு பல் பள்ளம்."

இசாமு தரையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"மூணு மாசமா என் பீரோவுல இருக்கு. பேர் எழுதலயே, நான் யாரைக் கூப்பிடறது? உரியவன் வந்து கேக்கணும். சட்டம் அது."

"மூணு மாசமா உனக்குத் தெரியும்! எங்ககூட உக்காந்து ஆடிட்டு... பன் தின்னுட்டு... சொல்லவே இல்ல!" என்றாள் ஹருமி.

"யாரு செஞ்சதுன்னு தெரியாதே. நீயா, அவனா, டாக்டரா... போன்ல கூட இன்னிக்கு அதைத்தான் கேட்டேன், யாராவது வந்தாங்களான்னு. நாளைக்கு மூணு மாசம் முடியுது. அதுக்கப்புறம் நரி நம்மளது இல்ல."

"அதான் நரி கைக்கு வந்தாலும் எடுக்காம தள்ளித் தள்ளி விட்டியா?"

"போலியை வச்சு ஆட நான் என்ன கிரிமினலா?"

யூசாகு அழுதுகொண்டே சிரித்தார். இசாமு சிரித்துக்கொண்டே அழுதார்.

"இரு இரு" என்றாள் ஹருமி. "திருடினா நாற்காலி மடங்கணும். இங்க ரெண்டு திருடன் இருக்கான்."

"ரெண்டையும் மடக்கினா மேஜைல மிச்சம் நீயும் நானும்தான். உன் தொண்டையை நான் தனியா தாங்கணுமா?" என்றாள் சயோகோ.

ஹருமி யோசித்தாள். யூசாகுவின் கையிலிருந்த நாற்காலியைப் பிடுங்கி, டப்பென்று விரித்துப் போட்டாள். பெட்டிச் சாவியை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள்.

"உக்காரு! கண்ணைப் பாத்துப் பொய் சொல்லத் தெரியாதவனுக்குத் திருட்டு ஒரு கேடு! தவளை கிழிஞ்சதோட இந்த வருஷக் கணக்கு முடிஞ்சுது!"

சயோகோ காகிதத்தை யூசாகு முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினாள்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வா. கையெழுத்துக்குப் பதிலா குத்தற உன் பேர் முத்திரையை எடுத்துட்டு வா. படிவத்துல 'அடையாளம்'னு ஒரு கட்டம் இருக்கு. 'டாக்டர் இசாமுவின் பல் குறி'ன்னு எழுது. சரி பாக்கணும். அதனால டாக்டரும் வரணும்."

"நானா? நான் எதுக்கு?" என்றார் இசாமு.

"கவுன்ட்டர் முன்னாடி நாற்காலில உக்காந்து தலையைச் சாய்ச்சுக்கணும். வாயைப் பெரிசாத் தொறக்கணும். டார்ச் அடிச்சு, ஸ்கேல் வச்சு அளப்பேன்."

டாக்டர் இசாமு எச்சில் விழுங்கினார். இருபது வருடமாக நாள் தவறாமல் அவர் காதில் விழுந்த கேள்வி, முதல் தடவையாக அவர் வாயிலிருந்தே வந்தது.

"வலிக்குமா...?"